ஒரு தேக்கரண்டி இடம்

கம்பளையிலே சில நாட்கள் தங்கியவர் எவரும் அம்புலுவாவ மலைக்கு ஏறும் முச்சக்கர வண்டிகளின் ஓசையைக் கேளாதிருந்திருக்க முடியாது. மகாவலிக் கரையிலே, கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 1,570 அடி உயரத்திற் கிடக்கும் நமது நகரிலிருந்து, 3,500 அடிக்கு மேற்பட்ட அம்மலையுச்சிக்கு அவை ஏறியாக வேண்டும். பாதையோ ஒடுங்கியது; வளைவுக்கு மேல் வளைவு. பிரயாணிகள் மூவரையும் அவர்தம் மூட்டைகளையும் சுமந்து, முதற் கியரில் முனகிக்கொண்டு வண்டி ஏறும்போது, தகரப் பேணிக்குள் சரளைக் கல்லைப் போட்டுக் குலுக்கினாற் போன்ற ஒலியொன்று சிலவேளை எஞ்சினுக்குள்ளிருந்து எழும். பிரயாணிகள் அதனைப் பொருட்படுத்துவதில்லை. அவர்கள் கண் கோபுரத்தின் மேலிருக்கும். சாரதி மாத்திரம் கையைச் சற்றுத் தளர்த்திக்கொள்வான். அந்த ஒலியையும், அதனோடு பிரியாத உறவுடையதாய்ப் பட்டறைகளிலே 'கொம்பிரஷன்' என்று வழங்கும் விஷயத்தையும் பற்றி இவ்வாரம் எழுத விரும்புகிறோம். பௌதிகம் கற்பிப்பது நமது தொழிலாயினும், இதனை எழுதத் தூண்டியது பாடப்புத்தகமன்று. நம்மிடம் கற்ற ஒரு வாலிபனின் வயிற்றுப்பாடு.

அவன் புசல்லாவைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து தினமும் பஸ் ஏறி வந்து படித்தவன். உயர்தரப் பரீட்சைக்குப் பின் வளைகுடா நாடொன்றிலே சில ஆண்டுகள் உழைத்தான். மீண்டு வந்தவன், கையிலிருந்த பணத்துக்கு ஏ.ரி.வி. எனப்படும் நாற்சக்கர மோட்டார் சைக்கிள்கள் இரண்டினைப் பழையனவாக வாங்கி, நுவரெலியாவிலே சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விட ஆரம்பித்தான். இவ்வண்டியைக் காணாதவர்க்குச் சொல்வதானால், மோட்டார் சைக்கிளின் இருக்கையும் கைபிடியும், அதன் கீழே காற்றுக் குறைவாக அடைத்த தடித்த நான்கு சில்லுகளும் கொண்டது. சேற்றிலும் மேட்டிலும் புகுந்து செல்லும். 1970இல் ஹொண்டா கம்பெனியார் விற்பனைக்கு விட்டபோது இவ்வினத்துக்கு மூன்று சில்லுகளே இருந்தன. குடைசாயும் தொல்லையால் நான்காவது பின்னர் வந்து சேர்ந்தது.

இரண்டில் ஒன்று, வேகத்துக்கென்றே செய்யப்பட்ட ரகம். அதுவே அவனுக்குச் சோறு போடுவது. அதுவே நாளடைவில் மேடு ஏறாமலாயிற்று. பயணி ஒருவரை ஏற்றினால் பாதிச் சரிவிலே திணறி நிற்கும். பக்கத்துக் கடைக்காரரின் புதிய வண்டிகள் அதைக் கடந்து போகும். நுவரெலியாவிலே மஹகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி 1934ஆம் ஆண்டு தொடங்கி நடந்து வருவது; ஏப்பிரல் வசந்த காலத்தில் அதனைக் காணக் கூடும் வாலிபர் அனைவரும் அரைவாசி மெக்கானிக்குகளாகவே வீடு திரும்புவர். அவ்விதம் திரும்பிய நண்பர் சிலர், "கொம்பிரஷனை உயர்த்து, எல்லாம் சரியாகிவிடும்" என்று இவனுக்குச் சொல்லியிருக்கிறார்கள். அளவுமானியை வைத்துப் பார்த்தான். சதுர அங்குலத்துக்கு 105 இறாத்தல் காட்டிற்று. கைந்நூலிற் கண்டதோ 150. உடனே, தலை உயர்ந்த பிஸ்டன் ஒன்றினை வெளிநாட்டிலிருந்து தருவிப்பதற்கு விலை கேட்டான். விலை கேட்டபின், தாயாரின் சங்கிலி அடகுக் கடைக்குச் சென்றது. அந்தத் தாயார் இன்னும் கொழுந்து பறிப்பவர்.

பணத்தைக் கட்டுமுன் நம்மிடம் வந்து, "ஒன்பதைப் பதினொன்றாக்கினால் மலை ஏறிடுந்தானே சேர்?" என்று கேட்டான். கேட்டது நல்ல கேள்வி. விடைதான் ஒரு வார்த்தையில் அடங்குவதன்று.

ஒன்பது, பதினொன்று என்பன யாவை? 1860இல் லெனுவார் என்பார் செய்த எரிவாயு எஞ்சினிலே நெருக்குதல் என்பதே கிடையாது. உள்ளே இழுத்த வாயுவை உள்ளபடியே கொளுத்தியது; எரிபொருளை அளவின்றி விழுங்கியது; கொடுத்த வேலையோ சொற்பம். கொளுத்துமுன் நெருக்கவேண்டும் என்று பிரான்ஸ் தேசத்துப் பொறியியலாளர் போ த றொஷா 1862இல் எழுதி வைத்தார். எஞ்சினாகச் செய்து காட்டவில்லை. 1876இல் ஜெர்மனியிலே நிக்கொலாஸ் ஒட்டோ செய்து காட்டினார். இழு, நெருக்கு, கொளுத்து, வெளியேற்று என்னும் அந்நான்கு செயல்களே இன்றும் அம்புலுவாவ ஏறும் வண்டிக்குள் நடப்பன. பிஸ்டன் அடியில் நிற்கும்போது அதன் மேலுள்ள இடம் எவ்வளவு, உச்சிக்கு வந்தபின் எஞ்சும் இடம் எவ்வளவு, முன்னது பின்னதைப் போல் எத்தனை மடங்கு என்பதே நெருக்க விகிதம்.

கணக்கொன்று போட்டுப் பார்ப்போம். மாணவர்கள் பென்சிலை எடுத்துக்கொள்ளலாம். பிஸ்டன் ஓடும் தூரத்தின் கொள்ளளவு 200 கன சென்ரிமீற்றர் எனவும், உச்சியில் எஞ்சும் இடம் 25 எனவும் கொள்வோம். அடியில் நிற்கும்போது மொத்த இடம் 225. அதனை 25ஆல் வகுக்க 9. இனி, விகிதம் 11 ஆகவேண்டுமாயின் எஞ்சும் இடம் எவ்வளவாதல் வேண்டும்? 20. (220ஐ 20ஆல் வகுக்க 11 வருதல் காண்க.) ஆகவே குறைக்கவேண்டிய இடம் 5 கன சென்ரிமீற்றர். வீட்டிலே பிள்ளைகளுக்குப் பாணி மருந்து ஊற்றும் தேக்கரண்டி ஒன்றின் அளவு அது! தாயாரின் சங்கிலி அடகு போனது ஒரு தேக்கரண்டி இடத்துக்காக என்று நாம் சொன்னபோது அவன் சிரித்தான். பின்னர் சிரிப்பை நிறுத்திக்கொண்டான்.

அத்தேக்கரண்டியைப் பெறும் வழிகள் பல. பிஸ்டனின் தலையை மேடாக்கலாம். சிலிண்டர் ஹெட்டின் அடிமுகத்தைக் கடைச்சற் பட்டறையிலே சீவி எடுக்கலாம். இடையிலுள்ள கெஸ்கட்டை மெல்லியதாக்கலாம். சிலிண்டரை அகட்டியோ, நீண்ட வீச்சுள்ள கிராங்கினைப் போட்டோ, ஓடும் கொள்ளளவையே பெருக்கலாம். கடைசியிற் சொன்னது பணமுடையார் செயல். நாம் எடுத்துக்கொண்ட எஞ்சினின் சிலிண்டர் விட்டம் 65 மில்லிமீற்றர் என்றால், பிஸ்டனின் மேலுள்ள இடம் முழுவதிலும் ஒன்றரை மில்லிமீற்றர் உயரம் குறைந்தாலே ஒரு தேக்கரண்டி வந்துவிடும். இலேசான காரியமென்று தோன்றும். ஆனால் பிஸ்டனுக்கும் திறந்து நிற்கும் வால்வுக்கும் இடையே இருப்பதும் சில மில்லிமீற்றரே. அதிலே ஒன்றரையைத் திருடினால் இரண்டும் முட்டிக்கொள்ளக்கூடும். முட்டிய எஞ்சினைப் பழைய இரும்பு விலைக்குத்தான் கொடுக்கலாம். ஆதலின் விஷயமறிந்தோர், பிஸ்டன் தலையில் சிறுவர் விளையாடும் மாக்களிமண்ணை அப்பி, ஹெட்டைப் பூட்டி, எஞ்சினைக் கையாலே இரண்டு சுற்றுச் சுற்றி, மறுபடி கழற்றி, நசுங்கிய களியைக் கத்தியால் வெட்டித் தடிப்பை அளப்பர். அளவுகருவிகள் எத்தனை வந்தபோதிலும் இவ்வித்தை இன்னும் வழக்கொழியவில்லை. இன்னுமொன்று: கேம் மேலே அமைந்த எஞ்சினிலே ஹெட்டைச் சீவினால், சங்கிலி அதற்கேற்பத் தொய்ந்து, வால்வுகள் திறக்கும் நேரமும் சற்றுப் பிந்தும். ஒன்றைத் தொட்டால் ஒன்பதைத் தொட்டதாகும் தொழில் இது.

நிற்க. இவ்வளவும் செய்தாற் கிடைப்பது என்ன? காற்றின் இயல்பிலிருந்து கணிக்கும் ஒட்டோ சூத்திரத்தின்படி, விகிதம் 9 ஆனபோது வெப்பத்தில் நூற்றுக்கு 58½ பங்கும், 11 ஆனபோது 61½ பங்கும் வேலையாக மாறலாம். இவை ஏட்டுக் கணக்கு. உண்மை எஞ்சினிலே உராய்வும் வெப்ப நட்டமும் போக இதிற் பாதியளவே மிஞ்சும். ஆயினும் ஒன்றுக்கொன்று உள்ள வேற்றுமை ஏறக்குறைய நிலைக்கும். அதாவது ஒன்பதைப் பதினொன்றாக்கினால் வலு கூடுவது நூற்றுக்கு ஐந்து வீதம் அளவே. பந்தயத்தில் ஓடுபவனுக்கு ஐந்து வீதம் பெரிது. அதற்காக அவன் உறக்கத்தையும் விற்பான். பாதி வழியில் நின்றுவிடும் வண்டியை ஐந்து வீதம் உச்சிக்கு ஏற்றுமா என்பது வேறு கேள்வி.

இனி அந்தச் சரளைக்கல் ஓசை. காற்றை நெருக்கினால் அது சூடேறும் என்பதைச் சைக்கிளுக்குக் காற்றடித்த சிறுவரும் அறிவர். அளவுக்கு மிஞ்சி நெருக்கினால், பிளக்கின் பொறியிலிருந்து தீ பரவி வருமுன்னரே மூலையில் ஒதுங்கிய கலவை தானாக வெடிக்கும். அவ்வெடி பிஸ்டனைச் சம்மட்டிபோல் அடிக்கும். டீசல் எஞ்சினுக்கோ இதுவே பிழைப்பு. 1897இல் ருடோல்ஃப் டீசல் வெற்றி கண்ட எஞ்சின், வெறுங்காற்றைக் கடுமையாய் நெருக்கிச் சூடாக்கி, அதனுள்ளே எண்ணெயைத் தெளித்து எரிப்பது, பொறியே வேண்டாதது. றம்பொடை வளைவுகளிலே லொறிகள் அவ்விதமே ஏறுகின்றன. பெற்றோல் எஞ்சினுக்கு அது நஞ்சு. பெற்றோல் இத்தீய வெடியை எவ்வளவு தாங்கும் என்று காட்டுவதே ஒக்டேன் எண். எண்ணெய் நிலையத்திலே 95 என்று எழுதியிருப்பது 92ஐ விட வலுவுள்ள பெற்றோலென்று நம்மூரிற் பலர் எண்ணுகின்றனர். சாதாரண வண்டிக்கு அதனை மாதத்துக்கொரு முறை, சத்து மருந்து போல், ஊற்றுவோரும் உளர். அதில் வலு கூடுதலில்லை, பொறுமைதான் கூடுதல். நெருக்கம் மிகுந்த எஞ்சினுக்கு அப்பொறுமை வேண்டும், மற்றையதற்கு வீண்செலவு.

இப்பொறுமையை விலைக்கு வாங்கிய கதையொன்றுண்டு. 1921இல் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வுகூடத்திலே தோமஸ் மிஜ்லி, ஈயச் சேர்க்கையொன்றைப் பெற்றோலிற் சிறிதளவு கலந்தால் அத்தட்டல் நிற்பதைக் கண்டார். நெருக்க விகிதங்கள் உயர்ந்தன, வாகனங்கள் விரைந்தன. அச்சேர்க்கையைக் கையாண்டவர்களோ நோயுற்றனர். 1924 ஒக்டோபரில் நியூ ஜேர்சியிலுள்ள ஆலையொன்றில் தொழிலாளர் ஐவர் பிதற்றிப் பித்தேறி மாண்டனர். அதன் பின்னரும் அரை நூற்றாண்டுக்கு மேலாக உலகமெங்கும் அப்புகை பரவிற்று. பிள்ளைகளின் மூளை வளர்ச்சியை அது பாதித்தது. இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் 2002இல் நின்றது. அல்ஜீரியாவில் 2021இல் நின்றதோடு, வீதியில் ஓடும் வாகனங்களுக்கு அதனை விற்கும் நாடு உலகில் இல்லாமற் போயிற்று. வெளித்தோற்றத்துக்குச் சிறிய அந்தத் தேக்கரண்டிக்காக மனிதர் எதையெல்லாம் கொடுத்தனர் என்று வகுப்பிலே நாம் கூறும்போது, வழக்கமாகப் பின்வாங்கிலிருந்து எழும் பேச்சொலி அடங்கிவிடும்.

அக்காலத்து உற்பத்தியாளர் எல்லோரும் ஒரே வழியிற் செல்லவில்லை என்பதையும் சொல்லவேண்டும். நமது வீதிகளிலே இன்னும் அங்குமிங்கும் ஓடும் மொறிஸ் மைனர் 1000, 1956இல் வந்தபோது, அதன் 948 கன சென்ரிமீற்றர் எஞ்சின் இருவகையாகக் கிடைத்தது. நல்ல பெற்றோல் உள்ள இடங்களுக்கு விகிதம் 8.3, தாழ்ந்த பெற்றோலுக்கு 7.2. ஊருக்கேற்ற எஞ்சின் என்னும் அந்த அறிவு நமக்குப் பிடித்தமானது.

ஊருக்கேற்ற என்றோம். இவ்விடத்திலேதான் நமது வாலிபனின் விவகாரம் சுவையாகிறது. நுவரெலியா 6,128 அடி உயரத்தில் உள்ளது. அங்கே காற்றின் அமுக்கம் கொழும்பிலிருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். எனவே எஞ்சின் ஒவ்வொரு மூச்சிலும் ஐந்தில் ஒரு பங்கு காற்றைக் குறைவாக இழுக்கிறது. வலுவும் அவ்வளவாகக் குறைகிறது. மலை இருபது வீதத்தைப் பறித்துக்கொள்கிறது. தேக்கரண்டி ஐந்து வீதத்தைத் திருப்பித் தருகிறது. ஆயினும் அவன் எண்ணத்திலே நியாயம் இல்லாமலில்லை. காற்று மெலிந்த இடத்திலே தீய வெடியும் எளிதில் எழுவதில்லை. ஆகவே உயர்ந்த நெருக்கத்தைத் தாழ்ந்த பெற்றோல் தாங்கும். அமெரிக்காவில் மலைப்பிரதேசமான கொலராடோ போன்ற இடங்களிலே சாதாரணப் பெற்றோலின் ஒக்டேன் எண் சமவெளியிலுள்ளதிலும் குறைவாயிருப்பது இக்காரணத்தாலேயே. நுவரெலியாவிலேயே கிடக்கும் வண்டிக்குப் பதினொன்று பொருந்தவும் கூடும். அதே வண்டியை லொறியிலேற்றி, பருவம் முடிந்தபின் கீழ்நாட்டுக் கடற்கரைக்குக் கொண்டுபோய் வாடகைக்கு விட்டால் சரளைக்கல் ஓசை தொடங்கிவிடும். பின்னர் 95 ஊற்றியே தீரவேண்டும். 2022 ஜூன் மாதத்திலே 92 பெற்றோலே லீற்றர் 470 ரூபாவுக்கு ஏறியதையும், வரிசையில் நின்று இரவைக் கழித்ததையும் மறவாத குடும்பங்களுக்கு அது இலேசான செலவன்று.

ஆயினும் அவனுக்கு நாம் முதலிற் சொன்னது இவற்றுள் ஒன்றுமன்று. "105 என்று எங்கே அளந்தாய்?" என்றே கேட்டோம். நுவரெலியாவில் அளந்ததாகச் சொன்னான். மெலிந்த காற்றை நெருக்கினால் மானியும் மெலிந்தே காட்டும். கடற்கரையில் 170 காட்டும் நல்ல எஞ்சின் நுவரெலியாவிலே 140க்குக் கீழே காட்டும். வண்டியை இங்கே இறக்கிக் கொண்டுவந்து, நகரிலுள்ள பாஸ் ஒருவரின் பட்டறையிலே மறுபடி அளந்தபோது 124 காட்டிற்று. ஒன்றுமே பழுது பார்க்காமல் 19 இறாத்தல் கூடியதைக் கண்டு அவன் வியந்தான். குறைவில் ஒரு பகுதி மலையினுடையது. மீதி எஞ்சினுடையது, அதற்கும் காரணம் இருக்கவேண்டும்.

பாஸ் பேசாமல் பிளக்கைக் கழற்றி, அத்துவாரத்தின் வழியாக ஒரு தேக்கரண்டி எஞ்சின் எண்ணெயை ஊற்றினார். (இங்கும் தேக்கரண்டியே வருகிறது, நாம் வலிந்து கொண்டுவரவில்லை.) தேய்ந்த ரிங்குகளின் வழியே காற்றுக் கசிந்தால், எண்ணெய் அவ்விடைவெளியை அடைத்து மானி விரைந்து ஏறும். ஏறாவிட்டால் கசிவு மேலே, வால்வுகளிலே. மானி 128இல் நின்றது. வால்வு மூடியைத் திறந்து பார்க்க, வெளியேற்றும் வால்வுக்கு இருக்கவேண்டிய இடைவெளி அறவே இல்லை. ஓடியோடி வால்வு தன் இருக்கையிலே புதைந்து, முழுதாக மூட முடியாமல் தொங்கிக்கொண்டிருந்தது. நெருக்க விகிதத்தைப் பதினொன்றல்ல, பதினைந்தாக்கினாலும் கதவு திறந்த வீட்டிலே புகைபோட்டது போலவே முடிந்திருக்கும். வெடிப்பின் சூடு அக்கசிவு வழியே பீறிட்டு, புதிய பிஸ்டனின் காசு கரையுமுன் வால்வைத் தின்றிருக்கும்.

வால்வைப் பசை பூசி இருக்கையோடு அரைத்து, இடைவெளியைச் சரிசெய்து, புதிய கெஸ்கட் போட்டார்கள். பிளக் அடுப்புக்கரி போற் கறுத்திருந்ததால், மெலிந்த காற்றுக்கு ஏற்றதாகக் காபரேற்றருக்குச் சிறிய ஜெற் ஒன்றும் மாற்றினார்கள். கூலியும் சாமானும் சேர்ந்து, அந்தப் பிஸ்டனின் விலையிலே பத்தில் ஒரு பங்குக்கும் வரவில்லை. மானி 152 காட்டிற்று. பையன் மகிழ்ச்சியோடு வண்டியை லொறியிலேற்றிப் போனான். மறுநாட் காலை தொலைபேசி அடித்தது. "சேர், மறுபடியும் 128க்கு இறங்கிட்டுதே!" நுவரெலியாவில் அவ்வளவே காட்டும் என்று முதல் நாளே கரும்பலகையில் எழுதிக் கொடுத்திருந்தோம். நல்ல பிள்ளை, ஆனால் பள்ளிக்கூடத்திலும் குறிப்பெழுதும் வழக்கம் அவனுக்கில்லை.

வண்டி இப்போது மேடு ஏறுகிறது. பக்கத்துக் கடைக்காரரின் புதிய வண்டிகளை முந்துவதில்லை, பின்னே நின்றுவிடுவதுமில்லை. பிஸ்டனுக்குப் பணம் கட்டவில்லை. சங்கிலியின் வட்டியைக் கட்டி வருகிறான்; ஏப்பிரல் வசந்த காலத்து வாடகையோடு மீட்டுவிடலாமென்று சொல்கிறான். ஆசை மாத்திரம் அடங்கியபாடில்லை. மலையிலேயே கிடக்கும் வண்டிதானே, ஒன்பதைப் பத்தாக்கினால் என்ன என்று சென்ற வாரம் கேட்டான். கணக்குப் போட்டுப் பார்த்தோம்: எஞ்சும் இடம் 22.2, குறைக்கவேண்டியது 2.8, தேக்கரண்டியிற் பாதியிலும் சற்று அதிகம். மெல்லிய கெஸ்கட்டினாலேயே அதிற் பெரும்பகுதி கிடைக்கலாம். வாயாற் சொல்லும் விகிதத்தை நம்பாமல், ஹெட்டைக் கவிழ்த்து வைத்து, துளையிட்ட கண்ணாடித் தகடொன்றால் மூடி, ஊசிக்குழாயினால் மண்ணெண்ணெய் விட்டு, உள்ளபடியான இடத்தை அளந்துகொண்டு வரும்படி சொல்லியிருக்கிறோம். ஊசிக்குழாய் நமது ஆய்வுகூடத்தினுடையது. திங்கட்கிழமை பத்தாம் வகுப்புக்கு அது வேண்டும்.